மூத்த தாரத்தின் சாட்சி

அந்த வருடம் மலையில் பனி விழவில்லை. ஜனவரியில் கிழக்கே பார்த்தால் ஆஸ்பென் மரங்களுக்குக் கீழே வெறும் மண் தெரிந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அது மரியாதைக்குரிய மனிதர் ஒருவர் துணியில்லாமல் தெருவில் நிற்பதைப் பார்ப்பது மாதிரி. ஆண்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்கள். ஏப்ரலில் ஓடை வந்தது. மே கடைசியில் வந்த சுவடு இல்லாமல் நின்றது. பாசனக் கம்பெனியின் வாய்க்காலில் மடையைத் தூக்கினால் சருகு நனையும் அளவுக்குக் கசிந்தது. முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள் வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்கள்.

விதவை ஊற்று மட்டும் ஓடியது.

சீடர் பள்ளத்தின் தலைமாட்டில், பாறைக்கு அடியிலிருந்து ஒரு ஆளின் கை கனத்துக்கு அது வருகிறது. வறட்சியிலும் அதே கனம்தான். கல்தொட்டியில் விழுந்து நிரம்பி, அங்கிருந்து சின்ன வாய்க்காலில் இறங்கி, ரூலன் லாரிட்சனின் குதிரைமசால் வயலுக்குப் போகும். ரூலனின் செம்மறிகள் முழுக்க அந்தத் தொட்டியில்தான் குடித்தன. அவன் அப்பாவின் ஆடுகளும், தாத்தா நீல்ஸின் ஆடுகளும் அங்கேதான் குடித்தவை. நீல்ஸ் பிறந்ததே அந்த ஊற்றின் ஓரத்தில். அதனால் அந்தத் தண்ணீரை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாரும் பதிவதில்லை.

ஜூன் மாதம் பாசனக் கம்பெனியிலிருந்து தபால் வந்தது. விதவை ஊற்றின் நீர் இயல்பாக ஓடையில் சேர வேண்டியது, ஓடையின் நீர் முழுவதும் பங்குதாரர்களுக்குத் தீர்ப்பாகியிருக்கிறது, ஆகவே ஊற்றைக் குழாய் போட்டு வாய்க்காலுக்குக் கொண்டுவரக் கம்பெனி விண்ணப்பித்திருக்கிறது என்று அதில் இருந்தது. கையெழுத்து, கம்பெனித் தலைவர் டெவான் லாரிட்சன். அவர்தான் எங்கள் திருச்சபைக்கு பிஷப்பும். ரூலனுக்குப் பங்காளி முறை. இரண்டு பேருக்கும் முப்பாட்டன் ஒருவரே, டென்மார்க்கிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் ஏர் பூட்டிய ஆண்டர்ஸ் லாரிட்சன். டெவான் மூத்த தாரமான மாரெனின் வகையறா. ரூலன் இளைய தாரமான சிட்செலின் வகையறா.

"பங்காளி எழுதுற தபாலா இது?" என்றாள் நெட்ரா. ரூலனின் மனைவி. ஸ்ட்ராபெர்ரிப் பழங்களைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் பழம் பட்டாணி அளவுதான். "ஞாயித்துக்கிழமை கை குலுக்கினாரே. அப்ப வாயில என்ன இருந்துச்சு?"

"அவன் என்ன பண்ணுவான். பங்குக்காரன் பூராவும் அவன் வாசல்ல நிக்கிறான்" என்றான் ரூலன்.

"நம்ம வாசல்ல ஆடு நிக்குது."

ரூலன் பொதுவாகவே பதில் சொல்கிற ஆள் இல்லை. தபாலை மடித்து, மறுபடி பிரித்து, இன்னொரு மடிப்பில் மடித்தான்.

மாநில நீர் அலுவலகத்துக்கு அவன் போய் வந்தான். சட்டம் எளிமையாகத்தான் இருந்தது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கு முதல் உரிமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருடத்துக்கு முன்பே அந்த ஊற்றை உன் முன்னோர் பயன்படுத்தினார்கள் என்று காட்டிவிட்டால் போதும், பதியாவிட்டாலும் அது உன்னுடையது. காட்ட முடியாவிட்டால் ஓடைக்குச் சேரும். ஓடைக்குச் சேர்ந்தால் கம்பெனிக்குச் சேரும். ஆகஸ்டில் அதிகாரி வந்து விசாரிப்பார்.

"காட்டணும், அவ்வளவுதானே?" என்றாள் அர்வில்லா.

அர்வில்லா ரூலனின் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி சுட்டே தலை நரைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சுவரில் வம்சாவளி மாட்டியிருப்பார்கள். அர்வில்லா வீட்டில் சுவரே தெரியாது. இறந்தவர்களைப் பேர் பேராகத் தேடிப் பிடித்து, கோயிலில் அவர்களுக்காகச் சடங்கு செய்து குடும்பத்தோடு சேர்த்து வைப்பது எங்கள் மதத்தில் கடமை. அதை மற்றவர்கள் கடமையாகச் செய்தார்கள். அர்வில்லா பசியாகச் செய்தாள். உயிரோடிருப்பவர்களின் பிறந்தநாள் அவளுக்கு நினைவிருக்காது. டென்மார்க்கில் ஜட்லாந்துப் பக்கம் அம்மையில் செத்த குழந்தையின் ஞானஸ்நான நாளை அடுப்பில் கரண்டியோடு நின்றபடி சொல்வாள்.

"இந்த ஊருல சிட்செல் பாட்டி இருந்தாங்கிறதுக்கு எழுத்து இல்லாமலா போயிரும்? ஏழு தலைமுறைக்கு எடுத்துக் குடுத்திருக்கேன்டா நான். இவ நம்ம கொல்லையில செத்தவ."

"சீக்கிரம் எடு அக்கா. ஆகஸ்டுல வராங்க."

"நீ ஆட்டைப் பாரு. செத்தவங்களை நான் பாத்துக்கறேன்."

திருச்சபைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் மைக்ரோஃபிலிம் பார்க்கிற கருவி இருந்தது. ஜன்னல் இல்லாத அறை; அந்தக் கோடையில் ஊரிலேயே குளிர்ச்சியான இடம். அர்வில்லா காலையில் போய் உட்கார்ந்தால் மதியத்துக்கு நெட்ரா ரொட்டியும் வாட்டிய ஆட்டுக்கறியும் கட்டிக் கொண்டுபோவாள். படச்சுருளைச் சுற்றும் கைப்பிடியின் சத்தம் மட்டும் கேட்கும். நெட்ரா பின்னால் நின்று பார்ப்பாள். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் ஓடும்.

ஆண்டர்ஸ் உடனே கிடைத்தார். கப்பலின் பெயர், வண்டிக்கூட்டத்தில் அவர் வந்த வரிசை, மாரென் கையில் இருந்த குழந்தை வழியில் இறந்தது, பள்ளத்தாக்கில் அவருக்கு அளந்து கொடுத்த மனை, கட்டிய வரி, தசமபாகமாகக் கொடுத்த கோதுமை, முட்டை எல்லாம் இருந்தது. மனிதர் நடந்த இடமெல்லாம் எழுத்து. சிட்செல்தான் கிடைக்கவில்லை. ஆயிரத்து எண்ணூற்று எண்பதாம் வருடக் கணக்கெடுப்பில் ஆண்டர்ஸ் வீட்டில் 'வேலைக்காரி' என்று ஒரு சிட்செல் இருந்தாள். அதற்கப்புறம் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில், ஒரு வீட்டின் பின்னறையில் 'விதவை' என்று மறுபடி இருந்தாள். பெயர் வேறு. வயதும் பிள்ளைகளும் பொருந்தின. நீல்ஸ் தன் தாய்மாமாவின் பிள்ளை என்று பதிவாகியிருந்தார்.

"அந்த ஊருல அவ ஒரு நாள்கூட இருந்ததில்லையே" என்றாள் நெட்ரா.

"இருந்ததில்லை."

"விதவையும் இல்லையே. ஆண்டர்ஸ் தாத்தா அப்ப உசுரோடதானே இருந்தாரு?"

"இருந்தாரு. கணக்கெடுக்க வந்தவன் நம்மாளு. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் இப்படி எழுதி வச்சிருக்கான்."

அதை விளக்கிச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மதம் பலதாரத்தை ஏற்றது, நாட்டின் சட்டம் ஏற்கவில்லை. இரண்டு தாரம் வைத்திருந்தவனைப் பிடித்துச் சிறையில் போட அரசாங்க மார்ஷல்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆண்டர்ஸ் இளையவளைச் சீடர் பள்ளத்துக்குக் கொண்டுபோய் மறைத்தார். அவள் அங்கே கல்வீடு கட்டினாள், ஊற்றைத் தொட்டியில் பிடித்தாள், ஆடு வளர்த்தாள், நாலு பிள்ளை பெற்றாள். ஊர் முழுவதற்கும் தெரியும். வெளியாள் யாராவது வழி கேட்டால் அங்கே ஒரு விதவை இருந்தாள், போய்விட்டாள் என்பார்கள். ஊற்றின் பெயர் அதில் வந்தது. வரிக்காரன், கணக்கெடுப்பவன், போதகர், பால் ஊற்றுகிறவன் எல்லோரும் சேர்ந்து ஒரு பெண்ணை எழுத்திலிருந்து சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டார்கள். அன்பால் செய்தது.

ஜூலை நடுவில் அர்வில்லா ஒரு நாள் தொழுவத்துக்கே வந்து நின்றாள். செருப்பை மாற்றிக் கொள்ளக்கூட இல்லை. ரூலன் ஆடுகளின் குளம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"கிடைச்சிருச்சுடா."

"என்ன?"

"சீடர் பள்ளம். கோர்ட்டு எழுத்துல. எண்பத்தெட்டாம் வருஷம். மாரென் பாட்டியைக் கூண்டுல ஏத்தியிருக்காங்க. கேளு." காகிதத்தைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "கேள்வி: உம்முடைய கணவருக்கு வேறு மனைவி உண்டா? பதில்: எனக்குத் தெரிந்து இல்லை. கேள்வி: சீடர் பள்ளம் என்கிற இடத்தில் யார் குடியிருக்கிறார்கள்? பதில்: யாரும் இல்லை. கேள்வி: அங்கே ஒரு பெண் ஆடு வளர்ப்பதாகச் சொல்கிறார்கள். பதில்: அங்கே தண்ணீரே இல்லை ஐயா. குருவி குடிக்கக்கூட இல்லை. அங்கே எப்படி ஆடு வளர்க்க முடியும்?"

ஆடு திமிறியது. ரூலன் அதை விட்டுவிட்டான்.

"பைபிள் மேல கை வச்சுச் சொல்லியிருக்காடா. யாருக்காக? தன் புருஷனை எடுத்துக்கிட்டவளுக்காக. வாரா வாரம் மாவு குடுத்து விட்டிருக்கா அவளுக்கு. நரகத்துக்குப் போனாலும் போறேன்னு நின்னு சொல்லியிருக்கா."

"ஆமா."

"என்ன ஆமா? இதைவிட என்ன சாட்சி வேணும்? ஆள் இல்லாத இடத்தைப் பத்தி மார்ஷல் எதுக்குக் கேக்கறான்? தண்ணி இல்லாத இடத்தைப் பத்தி இவ எதுக்கு அவ்வளவு அழுத்திச் சொல்றா?"

ரூலன் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்களில் யாருக்கும் சரியாகத்தான் பட்டிருக்கும். அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் மார்ஷலிடம் 'இல்லை' என்று சொன்னதெல்லாம் 'உண்டு' என்பதை நாங்கள் பால்குடி வயதிலேயே கற்றவர்கள்.

"பத்திரமா வச்சிரு அக்கா. ஆகஸ்டு வரைக்கும்" என்றான்.

ஆனால் அர்வில்லாவால் முடியவில்லை. கிடைத்த எழுத்தைப் பூட்டி வைப்பது அவளுக்குப் பாவம். இறந்தவர்கள் எல்லோருக்கும் சொந்தம். கண்டெடுத்தவள் கூடி இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும். ஜூலை இருபத்துநாலு, எங்கள் முன்னோர் மலை கடந்து வந்த நாளைக் கொண்டாடும் முன்னோடிகள் தினத்தன்று, ஊர்வலம் முடிந்து பூங்காவில் லாரிட்சன் வகையறா இரண்டும் கூடின. நீண்ட மேஜைகளில் பன்றித்தொடைக் கறி, உருளைக்கிழங்கு, கேரட் போட்ட பச்சை ஜெல்லி. புல் காய்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. மூத்தவகை ஒரு பக்கமும் இளையவகை ஒரு பக்கமுமாக, தண்ணீர்த் தகராறில் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அர்வில்லா எழுந்து, மைக் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்கிற குரலில், மாரெனின் சாட்சியத்தை வாசித்தாள்.

குருவி குடிக்கக்கூட இல்லை என்கிற இடத்தில் டெவான் தொப்பியைக் கழற்றினார். மூத்தவகைப் பெண்கள் அழுதார்கள். அவர்களுடைய பாட்டி அல்லவா. இளையவகையும் அழுதது. ஒருத்தி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து நெட்ராவின் தோளைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் பிரதி கேட்டார்கள். அர்வில்லா முன்பே எடுத்து வைத்திருந்தாள். தானே கையில் கையில் கொடுத்துக்கொண்டு வந்தாள். முகம் அடுப்பு வெளிச்சம் பட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் டெவான் ரூலனைத் தேடி வந்தார். ஆடுகளுக்குப் புழு மருந்து ஊட்டுகிற நாள். வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பட்டிக்குள் இறங்கி, ஒரு ஆட்டின் தாடையைப் பிடித்தார். ரூலன் குழலை வாயில் விட்டான். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் வேலை செய்தார்கள். தூசி பறந்தது.

"உன் பிடி தளர்ந்துபோச்சு, பிஷப்" என்றான் ரூலன்.

"ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணிப் பண்ணிக் கை மெத்தையாயிருச்சுடா. இந்தச் சனியன் கடிக்குது."

"அது எல்லாரையும் கடிக்கும். உன்னை மட்டுமில்ல."

இன்னும் சில ஆடுகள் போயின. டெவான் வேலியில் சாய்ந்தார்.

"ரூலன், அந்தக் காகிதம் வக்கீல்கிட்டப் போயிருச்சு."

"எந்தக் காகிதம்?"

"மாரென் பாட்டியோடது. எங்க போர்டுல ஒருத்தன் கையிலயும் இருந்துச்சு அது. பூங்காவுல வாங்கினது. டவுன் வக்கீல்கிட்டக் காட்டியிருக்கான். வக்கீல் துள்ளிக் குதிக்கறானாம். 'ஆண்டர்ஸ் லாரிட்சனின் மனைவியே சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறாள், அங்கே குடியிருப்பு இல்லை, தண்ணீர் இல்லை'ன்னு அதைத்தான் முதல் சாட்சியா வைக்கப் போறான்."

ரூலன் கையிலிருந்த குழல் சொட்டியது.

"அது பொய்யின்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். உலகத்துக்கே தெரியும். நான் அழுதேன்டா அன்னைக்கு. வக்கீல் கேக்கறான், பொய்யின்னு எங்க எழுதியிருக்கு?"

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே. நீ தலைவன்தானே?"

"சொன்னேன். ஓட்டுப் போட்டாங்க." டெவான் தொப்பிக்குள் பார்த்தபடி சொன்னார். "சோரன் வீட்டுல மாட்டை வித்துட்டாங்க. பெட்டர்சன் கிணறு மண்ணா வருது. என்னைப் பாத்து, உங்க குடும்பத்துக்குள்ளயே தண்ணிய வச்சுக்கறீங்களான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்லு, நான் போய் அதையே சொல்றேன்."

ரூலன் அடுத்த ஆட்டைப் பிடித்தான். டெவான் மறுபடி தாடையைப் பிடிக்க வந்தார். கடைசி ஆடு வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனார்.

அதை அர்வில்லாவிடம் யார் சொல்வது என்று முடிவாகாமல் வீட்டில் இரண்டு நாள் போனது. கடைசியில் நெட்ராதான் சொன்னாள். அர்வில்லா அப்போது பதிவுத்தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை மூடினாள்.

"நான் கையில கையில கொடுத்தேன்" என்றாள்.

"நல்லதுக்குத்தானே கொடுத்தீங்க."

"வீடு வீடாப் போய்க் கொடுத்த மாதிரிதான் நெட்ரா. தம்பி வீட்டுத் தண்ணிய ஊத்தி ஊத்திக் கொடுத்திருக்கேன்."

மறுநாளும் அவள் கீழ்த்தளத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாளும். இனி 'இல்லை' என்பதை முறிக்க ஒரே ஒரு 'உண்டு' வேண்டும். தச்சன் கணக்கு, மருத்துவச்சி எழுதியது, கம்பளி வாங்கிய வியாபாரியின் சீட்டு, எதுவானாலும் சரி. சுருளுக்குமேல் சுருள் சுற்றினாள். எங்கே கை வைத்தாலும் வழவழவென்று இருந்தது. அந்தப் பழைய மனிதர்கள் வேலையில் சுத்தக்காரர்கள். ஒரு இழைகூட விட்டுவைக்கவில்லை.

ஆகஸ்டில் அதிகாரி வந்தார். ஹாலிஸ்டர் என்று பெயர். இளவயது, வெளியூர்க்காரர், எங்கள் மதமில்லை. மரியாதையான மனிதர். முதலில் சீடர் பள்ளத்துக்கு ஏறி வந்தார். கல்வீட்டின் அடித்தளத்தைச் சுற்றி நடந்தார். தொட்டியின் ஓரத்தில் குனிந்து முகம் கழுவி, கைகுவித்துக் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

"ஆமா சார்" என்றான் ரூலன்.

"யாரோ இங்க இருந்திருக்காங்க. கல்லு சொல்லுது. ஆனா யாரு, எப்போன்னு கல்லு சொல்லாதே, மிஸ்டர் லாரிட்சன். ஆடு மேய்க்க வந்த யாரா வேணா இருக்கலாம்."

விசாரணை திருச்சபைக் கூடத்தில் நடந்தது. பையன்கள் கூடைப்பந்து ஆடுகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். விசிறிகள் சுற்றின. வக்கீல் மாரெனின் சாட்சியத்தை வாசித்தார். வாசிக்கத் தெரியாத மாதிரி, சீக்கிரமாக. பூங்காவில் அழுதவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

அர்வில்லா எழுந்தாள்.

"சார், அது அந்தக் காலத்து 'இல்லை'. நீங்க அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. அவ புருஷன் ஜெயிலுக்குப் போகக்கூடாதுன்னு சொன்னது. எங்க ஜனங்க அப்ப எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. இங்க உக்காந்திருக்கற எல்லாரையும் கேளுங்க, தெரியும்."

"நம்பறேன் மேடம்" என்றார் ஹாலிஸ்டர். உண்மையாகவே நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஆனா 'இல்லை'ன்னு சத்தியம் பண்ணியிருக்கறதை நான் 'உண்டு'ன்னு எழுத முடியாது. அந்த அம்மா பொய் சொன்னாங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

"அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க சார். அதான் அது அவ்வளவு பெரிசு."

கூடத்தில் யாரோ இருமினார்கள். அர்வில்லா தான் என்ன சொன்னோம் என்று யோசித்தபடி நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

அப்போது டெவான் எழுந்தார். கம்பெனி மேஜையிலிருந்து. வக்கீல் அவர் கையைப் பிடித்தார், அவர் விலக்கிக்கொண்டார்.

"எங்க தாத்தா மாரெனோட மூத்த பையன். வாலிப வயசுல அவரு மாவு மூட்டையக் குதிரையில போட்டுச் சீடர் பள்ளத்துக்குக் கொண்டுபோவாராம். அம்மா அனுப்பி. சிட்செல் சின்னம்மா பாலாடைக்கட்டி கொடுத்து விடுவாங்களாம். தொட்டியில குதிரைக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்புவேன்னு சொல்வாரு. நான் என் காதால கேட்டேன். சத்தியம் பண்ணிச் சொல்றேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. ஒரு பங்குதாரர் எழுந்து வெளியே போனார். இன்னொருவர். டெவான் அவர்களைப் பார்க்கவில்லை.

ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டார். "உங்க தாத்தா எப்ப தவறினாரு, பிஷப்?"

"நான் ஸ்கூல் படிக்கறப்ப."

"அவரு எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?"

"அவங்க எழுத மாட்டாங்க சார். எழுதக்கூடாதுன்னு பழகினவங்க."

"நீங்க பாத்ததில்லை. கேட்டது."

"கேட்டது."

ஹாலிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். விசிறிகளின் சத்தம் பெரிதாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர் அத்தனை பேரும் அறிந்த ஒரு விஷயம் அந்தக் கூடத்தின் நடுவில் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுக்க ஒருவருக்கும் வழி இல்லை.

செப்டம்பரில் முடிவு வந்தது, ஊற்று கம்பெனிக்கு என்று. ரூலன் படித்துவிட்டு நெட்ராவிடம் கொடுத்தான். நெட்ரா படித்துவிட்டு மாவு பிசையப் போனாள். அக்டோபர் முதலில் ஆடுகளை வாங்கியவரின் லாரி வந்தது. ஆடுகள் பலகையில் ஏற மறுத்தன. ரூலன் கிடாய் ஒன்றைக் கழுத்தில் கயிறு போட்டு முன்னால் இழுத்து ஏற்றினான். அதன் பின்னால் மற்றவை தாமாகவே ஏறின. அர்வில்லா அன்று வரவில்லை. மதியம் அவள் வீட்டைத் தாண்டிப் போனவர்கள், வெறும் சுவர் முன்னால் அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். ஆணிகள் மட்டும் இருந்தனவாம்.

குழாய் போடுகிற நாள் வந்தது. எங்கள் கம்பெனியில் வாய்க்கால் வேலை கூலிக்கு நடப்பதில்லை. ஒரு பங்கு வைத்திருப்பவன் வீட்டிலிருந்து ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ரூலனுக்கு வயல் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இருந்தது. அதற்கு ஒரு பங்கு இருந்தது. அவன் காலையில் மண்வெட்டியை எடுத்தான்.

"நீ போகணும்னு யாரு அழுதா?" என்றாள் நெட்ரா.

"பங்கு வேலை."

"ஆளை அனுப்பலாம்ல?"

"யாரை அனுப்ப."

சீடர் பள்ளத்தில் ஆட்கள் நின்றார்கள். மண் வாரும் இயந்திரம் ஒன்றும் நின்றது. ரூலன் வந்ததும் விலகி வழி விட்டார்கள். டெவான் இறங்கி வந்தார்.

"நீ வர வேண்டியதில்லடா."

"தெரியும்."

"வீட்டுக்குப் போ. உன் பேர்ல நானே ரெண்டு மடங்கு வெட்டறேன்."

ரூலன் அவரைத் தாண்டி மேலே பார்த்தான். இயந்திரத்தின் வாளி ஊற்றின் பாறைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற பையன் நெம்புகோலில் கை வைத்திருந்தான்.

"அங்க வைக்கப் போறானா?"

"பாறைய எடுத்துட்டுத் தண்ணியப் பிடிக்கற பெட்டி வச்சுக் கட்டலாம்னு."

"பாறைய எடுத்தா ஊத்து கீழே போயிரும். பாறை தடுக்கறதாலதான் அது மேல வருது. எடுத்தா உங்களுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை." அவன் குரல் உயரவில்லை. "அவனை நிறுத்தச் சொல்லு."

டெவான் கையைக் காட்டினார். இயந்திரம் நின்றது. எல்லோரும் ரூலனைப் பார்த்தார்கள். அவன் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். பையன் வாளியை இறக்கியிருப்பான். ஒரு நிமிஷ வேலை. எங்கள் ஆட்களில் சிலர் அதைப் பின்னால் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தாங்களாக இருந்தால் வாயைத் திறந்திருப்போமா என்று.

ரூலன் தண்ணீரில் இறங்கினான். பாறையின் வலப்பக்கம் மண்வெட்டியின் நுனியால் ஒரு கோடு கிழித்தான்.

"இங்க. கையாலதான் வெட்டணும். இடுப்பளவுக்கு மேல ஆழம் போகக்கூடாது."

அவனே வெட்ட ஆரம்பித்தான். டெவான் பக்கத்தில் இறங்கினார். கொஞ்சம் கழித்து, விசாரணை நாளில் எழுந்து வெளியே போனவரும் இறங்கினார். வேலை மதியம் வரைக்கும் போனது. ஒரு கட்டத்தில் தண்ணீர் பெட்டிக்குள் திரும்பியது. குழாய்க்குள் அது இறங்குகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. தொட்டி கலங்கி, மெதுவாகக் கீழே கீழே போய், பாசியைக் காட்டியது.

நெட்ரா சாப்பாடு கொண்டு வந்தாள். பங்கு வேலை எந்த வீட்டு நிலத்தில் நடக்கிறதோ அந்த வீட்டில் சாப்பாடு; அதை யாரும் மாற்றவில்லை, அவளும் மாற்றவில்லை. ரொட்டிக்குள் கறி வைத்துக் கட்டியது, வெங்காயம், புட்டியில் போட்ட பீச். ஆட்கள் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தார்கள்.

"தண்ணி இருக்கா சிஸ்டர்?" என்று இயந்திரக்காரப் பையன் கேட்டான்.

நெட்ரா கூடைக்குள் பார்த்தாள். கூடையின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ முறை அந்தப் பள்ளத்துக்குச் சாப்பாடு சுமந்திருக்கிறாள். ஒரு முறையும் தண்ணீர் எடுத்து வந்ததில்லை.

"கொண்டு வரலப்பா" என்றாள்.

டெவான் எழுந்து தன் வண்டிக்குப் போனார். டவுனில் நிரப்பிய பிளாஸ்டிக் கேனைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.